வீட்டுக்குள் ஒரு வெளி

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் பணியாற்றும் அவருடைய கணவர் அரை கிரவுண்டு மனை வாங்கி, வீட்டுக்கு வரைபடமும் போட்டுவிட்டார். அதன் நகலை மடித்துக் கடிதத்தோடு வைத்து, மொட்டை மாடியில் பூந்தொட்டிகள் வைத்து அழகுபடுத்த யோசனை கூறுமாறு கேட்டிருக்கிறார்.

வரைபடத்தை விரித்து நெடுநேரம் பார்த்தேன். தரைத்தளத்தில் கூடம், இரண்டு படுக்கையறைகள், சமையலறை. அதன் மேல் வாடகைக்கு விடுவதற்கு இரண்டு பகுதிகள். அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டியும் துணி உலர்த்தும் கம்பியும் உள்ள மொட்டை மாடி. அந்த மாடிக்குச் செல்லும் ஒரே படிக்கட்டு, வாடகைக்கு வரப்போகிறவர்களின் வாயிற்படியை ஒட்டிச் செல்கிறது. தொழிற்பேட்டை ஊரில் வாடகைக்கு வருவோர் யார் என்பது நமக்குத் தெரியும். பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த இளைஞர்கள். பகலில் ஒரு பகுதியினர் வேலைக்குச் செல்ல, இரவு வேலை பார்த்துத் திரும்பிய மற்றொரு பகுதியினர் அறையில் இருப்பார்கள். அவர்கள் நல்லவர்களே. ஆயினும் அந்தச் சகோதரி ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் படியேறி மாடிக்குப் போவார்? முதல் மாதம் இரண்டு முறை போவார். பிறகு துணி உலர்த்தும் வேலையையும் பையனிடம் ஒப்படைத்துவிடுவார். தொட்டிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஆகவே தொட்டிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நான் பொறியாளன் அல்லன். மதரஸாவில் பாடம் சொல்பவன். எனினும் பல வீடுகளுக்குச் சென்று வருபவன் என்ற முறையில் ஒன்றைக் கண்டிருக்கிறேன். ஆண்களுக்கு வெளி என்பது எங்கும் கிடைக்கிறது. பள்ளிவாசல் முற்றம் இருக்கிறது, தேநீர்க்கடை வாசல் இருக்கிறது, இரயில் நிலைய நடைமேடை இருக்கிறது. வீட்டில் இருபது மணி நேரம் இருப்பவருக்கு வெளி என்பது அந்த வீடு எதைத் தருகிறதோ அதுதான். அதை யாரும் வரைபடத்தில் முதலில் போடுவதில்லை. அறைகளையெல்லாம் போட்டு முடித்தபின் மீதி இருப்பதை மாடி என்கிறோம்.

நம் முன்னோர் இப்படிச் செய்யவில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளுக்குள் சென்றவர்கள் அறிவார்கள்: வாசலிலிருந்து பார்த்தால் வீட்டின் உள்பகுதி தெரியாது, உள்ளே நுழைந்தால் வானத்தை நோக்கித் திறந்த முற்றம் இருக்கும். பெண்கள் அங்கே அரிசி புடைப்பார்கள், தலைக்கு எண்ணெய் தேய்ப்பார்கள், குழந்தையை வெயிலில் காட்டுவார்கள். தெருவில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மறைவும் வெளிச்சமும் ஒன்றையொன்று விலக்காமல் ஓரிடத்தில் கூடியிருந்தன. வட மாவட்டத்தினர் அவ்வளவு தொலைவு செல்ல இயலாவிட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவுக்கு ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு செல்லலாம். செட்டிநாட்டு வீடு ஒன்றை அங்கே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் முற்றத்துத் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு கொத்தனாரிடம் பேசுங்கள்.

இது வெறும் பழம்பெருமை அன்று. வெயில் கொட்டும் நம் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதை மருத்துவ ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் கூறிவருகின்றன. வெயிலில் உடல் படாமல் வாழ்வோருக்கு, அதாவது வீட்டுக்குள்ளேயே இருப்போருக்கும் வெளியே செல்லும்போது உடலை முழுதும் மறைத்துச் செல்வோருக்கும், அது மேலும் எளிதில் வருகிறது. நாற்பது வயதில் இடுப்பு வலி, முழங்கால் வலி, படியேற முடியவில்லை என்று நம் தாய்மார்கள் சொல்லும்போது, வயதாகிவிட்டது என்று நாம் விட்டுவிடுகிறோம். காரணம் பல இருக்கலாம். இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீடு கட்டுபவர் அறிய வேண்டியது இரண்டு செய்திகள். உடல் அந்தச் சத்தை உருவாக்க உதவும் கதிர், வெயில் ஏறிய நேரத்தில்தான், ஏறத்தாழக் காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை, போதிய அளவில் கிடைக்கிறது. மேலும் அந்தக் கதிர் சன்னல் கண்ணாடியைக் கடந்து உள்ளே வருவதில்லை. ஆகவே கண்ணாடி அடைத்த பால்கனி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இதற்குப் பயன்படாது. பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண் முந்தானையைச் சற்று விலக்கிக் கைகளை நீட்டிக் கால் மணி நேரம் அச்சமின்றி உட்காரக்கூடிய இடம் வேண்டும். எதிர்வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து பார்வை விழும் மொட்டை மாடி அப்படிப்பட்ட இடமன்று.

இனி வரைபடத்துக்கு வருவோம். மனை வடக்கு தெற்காக 40 அடி, கிழக்கு மேற்காக 30 அடி; மொத்தம் 1,200 சதுர அடி. இதில் 8 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள முற்றம் 96 சதுர அடி. நூற்றுக்கு எட்டுப் பங்கு. ஒரு படுக்கையறையைச் சிறிதாக்கினாலும் கூடத்தில் சோபா வைக்க ஒதுக்கிய மூலையை விட்டுக்கொடுத்தாலும் இது கிடைத்துவிடும். நீளப் பக்கம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மார்கழி மாதத்தில் நம் பகுதியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 53 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது முற்றத்தின் தென்சுவர் 10 அடி உயரம் என்றால் அதன் நிழல் ஏழரை அடி தூரம் வடக்கே விழும். முற்றம் வடக்கு தெற்காக எட்டே அடி என்றால் தரையில் வெயில் அரை அடி. பன்னிரண்டு அடி என்றால் நான்கரை அடி. ஒரு பாய் விரிக்கப் போதும். தென்புறத்தில் மேல்தளம் எழுப்பினால் சுவர் 20 அடிக்கு மேல் போகும், நிழல் 15 அடியைத் தாண்டும், குளிர்காலம் முழுவதும் முற்றம் ஈரக்கிணறாகப் பாசி பிடித்துக் கிடக்கும். முற்றத்தோடு வீடு கட்டிப் பிறகு கம்பி வலையும் பிளாஸ்டிக் தகடும் போட்டு மூடிவிட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் கட்டியவர்களாக இருப்பார்கள்.

கோடையில் கதை வேறு. ஏப்ரல் இறுதி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலில் சற்று வடக்கே நிற்கிறது. வடக்குப் பார்த்த திண்ணையில் வெயிலே வராது என்று சொல்லிக் கட்டுகிறவர்கள் மே மாதத்தில் திகைப்பது இதனால்தான். ஆயினும் நடுப்பகல் வெயிலை ஒரு கீற்றுப் பந்தலால் தடுத்துவிடலாம். தடுக்க முடியாதது பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பக்கவாட்டில் பாயும் மேற்கு வெயில். அதற்குச் சுவர்தான் மருந்து.

எனவே மேல்தளத்தில் கட்டியே ஆக வேண்டிய அறையை மனையின் வடமேற்குப் பக்கமாகக் கட்டி, கிழக்கையும் தென்கிழக்கையும் வெறுமையாக விடுங்கள். அந்த அறையே மேற்கு வெயிலை மறைத்து, அஸர் நேரத்திலேயே மாடியின் பெரும்பகுதிக்கு நிழல் தந்துவிடும். கும்மிடிப்பூண்டிக்குக் கடல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பிற்பகலில் எழும் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அதன் வழியில் நாமே சுவர் எழுப்பிக்கொள்ளலாகாது. திருவள்ளூர் நகரம் கடலிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால் அங்கே இக்காற்று தாமதமாக வரும். மேல்காற்று வலுத்த நாள்களில் வராமலே போவதும் உண்டு. அவ்வூர்வாசிகளுக்குக் காற்றைவிட நிழலே முதல் தேவை. மேற்கை அடைத்துவிட்டால் பிறை பார்ப்பது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். அறையின் மேற்குச் சாளரம் அதற்குப் போதும்.

எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989) முற்றத்தின் இயல்பை நன்கு விளக்கியவர். இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் படிந்து, மறுநாள் முற்பகல் வரை சுற்றியுள்ள அறைகளுக்குக் குளுமை தரும் என்பது அவர் கூறியது. லக்சருக்கு அருகே 1940களில் ஏழைகளுக்காக அவர் எழுப்பிய புதுக் கூர்னா கிராமத்து மண் வீடுகளில் இதை நடைமுறையிலும் காட்டினார். நம்மவர் சிலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்து, அங்கே கண்ட உயர்ந்த சுவர் சூழ்ந்த முற்றத்தை இங்கே அப்படியே கட்ட விரும்புகிறார்கள். பாலைவனத்தில் இரவுக் குளிர் கடுமையானது. காற்றில் ஈரம் குறைவு. நம் கடற்கரை மாவட்டத்தில் மே மாத இரவும் புழுக்கமே. இங்கே முற்றம் குளிரைச் சேமிப்பதைவிடக் காற்றை ஓட்டுவதற்கே அதிகம் உதவும். ஆகவே முற்றத்தின் கிழக்கே ஒரு கதவோ ஜாலிச் சுவரோ, அதற்கு நேராக மேற்கே உயரத்தில் ஒரு சாளரமோ இருந்தாக வேண்டும். நான்கு புறமும் அடைத்த முற்றம் கெய்ரோவுக்குச் சரி, நமக்கு அடுப்படியாகிவிடும்.

தொழிற்பேட்டைப் பகுதிக்கென்று தனியான ஒரு தொல்லை உண்டு, தூசி. காலையில் மாடித் தரையில் விரலை இழுத்தால் கரி ஒட்டுகிறது, வெள்ளைச் சட்டையில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் விழுகின்றன என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று ஆராய்வது இந்தப் பக்கத்தின் வேலையன்று. வீடு கட்டுபவர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. மனையின் நான்கு எல்லையிலும் கம்பு நட்டு, ஒவ்வொன்றிலும் ஈரமான வெள்ளைத் துணியைக் கட்டி, இரவெல்லாம் விட்டு வையுங்கள். அடிக்கடி நனைத்து ஒரு வாரம் பாருங்கள். ஆனியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை செய்தால் எந்தக் காற்றில் எந்தப் பக்கம் கருக்கிறது என்பது விளங்கிவிடும். கறுத்த பக்கத்தில் படுக்கையறைச் சாளரத்தையும் துணிக் கம்பியையும் வைக்காதீர்கள்; வேம்பு, புங்கம், நந்தியாவட்டை போன்றவற்றை அடர்த்தியாக நடுங்கள். இலைகள் தூசியைத் தாங்கிக்கொள்ளும்; மழை அவற்றைக் கழுவிவிடும். அரளியும் தூசிக்கு அஞ்சாத செடிதான். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

இதே காரணத்தால் உலைக்கூடங்களுக்கு அருகே இருப்போர் மாடியில் கீரை பயிரிடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அகன்ற இலையில் படிந்த தூசியை அப்படியே சமைத்து உண்கிறோம். அவரை, புடலை, சுரை போன்று கழுவித் தோலை நீக்கக்கூடிய கொடிகள் மேல். அவையே பந்தலாகவும் படர்ந்து நிழல் தரும். முற்றத்தில் ஒரு மருதாணிச் செடிக்கு எப்படியும் இடம் கொடுத்துவிடுங்கள். பெருநாளுக்கு முந்தின இரவில் கடைக் குழாயை நாடிப் போக வேண்டியதில்லை.

மாடியில் தோட்டம் என்றதும் தளத்தின் மேல் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டிவிடுகிற பழக்கம் இப்போது பரவிவருகிறது. இது ஆபத்தானது. ஆட்கள் நடமாடும் சாதாரண வீட்டு மாடிக்கு ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ கூடுதல் பாரம் என்றே கணக்கிட்டுக் கம்பி கட்டுகிறார்கள். ஈர மண் ஒரு கன அடி 50 கிலோ எடை. ஓரடி ஆழத்துக்குப் பாத்தி போட்டால் தாங்க வேண்டியதைப்போல் மூன்றரை மடங்கு சுமத்துகிறோம். தோட்டமே வேண்டும் என்றால் கட்டுவதற்கு முன்பே பொறியாளரிடம் சொல்லி அதற்கேற்பக் கம்பியைக் கூட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்துவிட்டவர்கள் தென்னை நார்க் கழிவும் தொழு உரமும் கலந்த எடை குறைந்த கலவையைத் தொட்டியில் இட்டு, சுவரும் உத்தரமும் செல்லும் கோட்டின் மேலேயே வரிசையாக வைக்க வேண்டும். நடுத் தளத்தில் வேண்டாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை என்பதையும் இங்கே நினைவில் கொள்க. அதற்கும் சுவர் மேல்தான் இடம்.

கைப்பிடிச் சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தடுப்பில்லாத மாடியில் இரவு உறங்குபவர் தம் பாதுகாப்பைத் தாமே இழந்தவராகிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மாடிகளில் படுத்துறங்கிய அரபு நாட்டில் அதன் தேவை எவ்வளவோ, நம் வீட்டு மாடியில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கும் அவ்வளவே. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இச்சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. செலவை மிச்சப்படுத்த இரண்டரை அடியில் நிறுத்திவிடும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள்; விடாதீர்கள். சுவரை ஒட்டிப் பூந்தொட்டியையோ கல் திண்ணையையோ வைத்தால் பிள்ளைகள் அதன் மேல் ஏறுவார்கள். அப்போது சுவரின் உயரம் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே தொட்டிகள் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, அறைப் பக்கமாக இருக்கட்டும். முற்றத்தைச் சுற்றி மேல்தளத்திலும் இதே உயரத்துக்குத் தடுப்பு வேண்டும். அது முற்றத்து நிழலைச் சற்றுக் கூட்டும் என்பதால், முற்றத்தின் தென் விளிம்பில் மட்டும் சுவருக்குப் பதில் நெருக்கமான செங்குத்துக் கம்பி போட்டுக்கொள்ளலாம். குறுக்குக் கம்பி பிள்ளைகளுக்கு ஏணி.

பெண்கள் அமரும் மூலைக்கு மட்டும் ஆறடி உயரத்துக்கு ஜாலிச் சுவர் எழுப்புங்கள். செங்கல்லை இடைவிட்டு அடுக்கினாலே போதும். உள்ளே இருப்பவருக்கு வெளி தெரியும், காற்று வரும். வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. இதில் நம் மறைவை மட்டும் கருதினால் போதாது. அடுத்த வீட்டு முற்றமும் அவர்கள் பெண்மக்கள் புழங்கும் இடந்தான். நம் மாடியிலிருந்து அது தெரியுமானால் அந்தப் பக்கமும் சுவரை உயர்த்த வேண்டிய பொறுப்பு, பிந்திக் கட்டுகிற நமக்கே உரியது. அண்டை வீட்டார் முஸ்லிமா அல்லரா என்பது இதில் ஒரு கேள்வியே அன்று. அனுமதியின்றிப் பிறர் இல்லத்துக்குள் பார்வை போகலாகாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம்.

மாடியில் தகரக் கொட்டகை போடுவோருக்கு 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயலை நினைவூட்டுகிறேன். அன்று வட சென்னையிலும் இந்த மாவட்டத்திலும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அத்தகைய காற்றில் பறக்கும் தகடு கத்தியாகும். கோடைக்குக் கீற்றோ பச்சை வலையோ போட்டு, புரட்டாசியில் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

வாடகை வருமானம் போய்விடுமே என்பது அந்தக் கணவரின் கவலையாக இருக்கும். நியாயமான கவலை, கடன் வாங்கித்தானே கட்டுகிறார். இரண்டு பகுதிக்குப் பதில் ஒரு பகுதி கட்டட்டும். அதற்குத் தெருப் பக்கத்திலிருந்து தனிப் படி வைத்து, குடும்பத்தார் மாடிக்குச் செல்ல முற்றத்திலிருந்தே ஒரு சிறு படி வைக்கட்டும். இரண்டு படி என்பது கூடுதல் செலவுதான். ஆனால் இரண்டு வாடகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கார அம்மாளை நான்கு சுவருக்குள் வைப்பதைவிட அது மலிவு என்பது என் கருத்து. வயதான மாமியாரோ தாயாரோ உடன் இருந்தால் அவர் மாடிப்படியே ஏற மாட்டார். அவருக்கு முற்றம் ஒன்றுதான் வானம்.

தரைக்கு என்ன போடுவது என்பதில் நம்மவர் பளபளப்பில் மயங்குகிறார்கள். வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும். கடப்பைக் கல் கறுப்பு. பங்குனி வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சொரசொரப்பான செந்நிறத் தட்டோடே முற்றத்துக்கும் மாடிக்கும் ஏற்றது. அதைப் பதிக்கும்போதே கிப்லாவை, அதாவது நம் பகுதியில் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பிய திசையைக் குறித்துக்கொண்டு ஒரு வரிசையை அதற்கேற்பப் பதிக்கச் சொன்னால், ரமலான் இரவுகளில் பெண்கள் மாடியில் ஸஃப்பு நிற்க அதுவே கோடாக அமையும். மாடித் தளத்தில் தட்டோட்டின் அடியில் பழைய மெட்ராஸ் டெரஸ் முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டால் கீழறையில் வெப்பம் குறையும். அதற்கு ஆள் கிடைக்கவில்லையென்றால், ஆண்டுதோறும் மாசியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டாலும் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போகும்.

கடைசியாக நீர். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 800 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை 74 லிட்டர் என்றால், ஆண்டுக்கு 80,000 லிட்டருக்கு மேல். ஆறில் ஒரு பங்கு வீணானாலும் மீதி சிறிதன்று. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்த செய்தி எல்லாரும் அறிந்ததே. உப்பேறிய கிணற்று நீரில் மருதாணியும் தழைக்காது. மழைநீர்ச் சேகரிப்பை 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது ஊருக்காக ஒரு குழாயைத் தொங்கவிட்டவர்கள் பலர். அப்படிச் செய்யாமல், மாடிக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வீதம் வாட்டம் கொடுத்து, நீரைக் குழாய் வழியே மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டித் தொட்டிக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து கிணற்றிலோ உறிஞ்சு குழியிலோ விடுங்கள். தூசி மிகுந்த பகுதி ஆகையால் முதல் இரண்டு மழையின் நீரை வெளியே திருப்பிவிடக் குழாயின் அடியில் ஒரு மூடி இருக்க வேண்டும்.

தளம் போட்டு முடிந்ததும் மேஸ்திரிக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், மாடியின் மேட்டுப் பக்கத்தில் நான்கு குடம் தண்ணீரை ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கால் மணி நேரத்துக்குப் பின்னும் ஏதாவது ஓரிடத்தில் தேங்கி நின்றால், அந்த இடத்தைக் கரியால் வட்டமிட்டுக் காட்டி, தட்டோடு பதிக்கும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.